பேர் போடும்போது: படம் எடுக்கும் தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய படத்தை நேற்றிரவு கடை பூட்டிய பிறகு மூன்று தடவை பார்த்தேன். இங்கே மலையகத்தில், ஹட்டனில் நல்ல மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் முதல் தடவை பாதி வசனம் கேட்கவில்லை. அம்மா தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசுக்கு முன்னால் கூடையை இறக்கிவிட்டு, எழுதுகிறவரின் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. படத்துக்கு 'அரைப்பேர்' என்று பெயர் வைத்தாய் பார், அதற்காகவே உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தலைப்பும் பேரும் ஓடும் தொடக்கம் மட்டும் அந்தப் படத்துக்குச் சொந்தமானதாக இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் பொதுவிலும் போடுகிறேன். படம் எடுக்கும் மற்றப் பிள்ளைகளும் இதே கேள்விகளோடு எங்கள் அச்சகக் கடைக்கு வருகிறார்கள்.

இப்போது உன் படம் ட்ரோனில் தொடங்குகிறது. மூடுபனி, பச்சை மலை, புல்லாங்குழல், நடுவில் மெல்லிய ஆங்கில எழுத்து. 14 நிமிடப் படத்தில் இதற்கே 1 நிமிடம் 50 செக்கன். நானுஓயாவில் ரயில் ஏறி எல்ல வரைக்கும் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பது இந்த மலையைத்தான். தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களா வாசலில் நின்று பார்த்தாலும் இதுதான் தெரியும். உன் படம் நடப்பது கூடையின் உயரத்தில். தொடக்கமும் அங்கேயே இருக்கட்டும்.

சோல் பாஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரைப் பற்றி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அவருக்கு முந்திய காலத்தில் பேர் ஓடும் நேரம் பெரும்பாலும் சனம் இருக்கை தேடுகிற நேரம். சில இடங்களில் திரைச்சீலையைக்கூட விலக்க மாட்டார்களாம். 1955இல் ஓட்டோ ப்ரெமிங்கர் போதைக்கு அடிமையான ஒருவனைப் பற்றி எடுத்த படத்துக்கு சோல் பாஸ் செய்தது மிகவும் எளிமையானது. கறுப்புத் திரையில் வெள்ளைப் பட்டைகள் வந்து போகும். கடைசியில் அவை சேர்ந்து, வளைந்து முறுகிய ஒரு கையாக நிற்கும். ஊசி ஏறும் கை. கதையின் ஒரு வரியும் அதில் சொல்லப்படவில்லை, ஆனால் கதையின் வலி முழுவதும் அந்தக் கையில் இருக்கிறது. பேர் ஓடுவதற்கு முன்பே சீலையை விலக்கும்படி அந்தப் படத்தின் ரீல் பெட்டிகளில் குறிப்பு வைத்து அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். நீ தேட வேண்டியதும் அந்த மாதிரி ஒரே ஒரு பொருளை.

அது உன் தலைப்பிலேயே இருக்கிறது. தோட்டத்துக்கு வெளியே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் ஒரு நாள் வேலைக்குப் பெயரே 'பேர்'தான். கொழுந்து நிறை தோட்டம் கேட்கும் கிலோவுக்குக் குறைந்தால் செக்ரோலில், அதாவது சம்பளப் புத்தகத்தில், அரைப்பேர் விழும், பாதிச் சம்பளம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் மழையில் நனைந்து மலை ஏறி இறங்கிய முழு ஆள், மாலையில் புத்தகத்தில் பாதி ஆளாகிறாள். சினிமாவிலும் நாங்கள் 'பேர் போடுறாங்க' என்றுதானே சொல்கிறோம்? இந்த இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்ட வேறு எந்த ஊர்ப் படத்தாலும் முடியாது. நீ ஆங்கிலத்தில் போட்டிருக்கும் தலைப்பில் இது முழுவதும் காணாமல் போய்விட்டது. தமிழில் போடு. சிங்களத்தை அதே அளவில் பக்கத்தில் வை, எழுத்துப் பிழையைச் சிங்கள நண்பர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள். ஆங்கிலம் கீழே சிறிதாக வந்தால் போதும்.

தமிழில் போட்டால் எழுத்து உடைகிறது என்று எழுதியிருந்தாய். ஏன் என்று சொல்கிறேன். 'அரைப்பேர்' நம் கண்ணுக்கு 5 எழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் அது 9 துண்டு: அ, ர, ஐகாரக் குறி, ப, புள்ளி, ப, ஏகாரக் குறி, ர, புள்ளி. ஐகாரக் குறியும் ஏகாரக் குறியும் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, முன்னால் வரையப்பட வேண்டியவை. இதைத் தெரியாத மென்பொருள் குறியைப் பின்னாலேயே தொங்கவிடும். தட்டச்சு அடிப்பதுபோல் ஒவ்வொன்றாக வரவைக்கும் எஃபெக்டைப் போட்டாயானால் முதலில் 'ப' வரும், அப்புறம் கொம்பு, அதாவது அந்தக் குறி, இடப்பக்கம் குதித்து வந்து ஒட்டும், பார்க்கவே சகிக்காது. எழுத்துகளுக்கு இடையில் இடைவெளியைக் கூட்டினாலும் கொம்பு வேறு, உடல் வேறாகப் பிரியலாம்.

எங்கள் அச்சகங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவை விடாததற்கு ஒரு காரணம் இதுதான். அதில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் 'ப'வை அடிப்போம், எந்த மென்பொருளும் குழம்பாது. நீ பாமினிக்குப் போக வேண்டியதில்லை. எழுத்தை அசைக்கும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் புதிய பதிப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கென்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுப் பார். சரிவராவிட்டால் இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் எழுதி, எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிப் படமாகக் கொண்டுவா. முழு எழுத்தையும் ஒரு பொருளாக அசைக்கலாம், கொம்பு எங்கும் போகாது.

அதைவிட, தலைப்பைக் கையால் செய் என்பேன். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருந்த காலத்தில் தேயிலை பலகைப் பெட்டியில்தான் போனது. உள்ளே ஈயத்தாள், வெளியே தகட்டில் வெட்டிய எழுத்தை வைத்துக் கறுப்பு மை தேய்ப்பார்கள்: தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. என்று தரம், இலக்கம், நிறை. இப்போது கடதாசிச் சாக்கு வந்துவிட்டது. அந்தப் பெட்டியில் எல்லாம் இருந்தது, கொழுந்து பறித்தவள் பெயரைத் தவிர. உன் தலைப்பு அந்த எழுத்தில், அந்தப் பலகையில் விழட்டும். பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டினால் சுத்தமாக வரும். ஒன்றைக் கவனி: 'அ'விலும் இரண்டு கொம்பிலும் சுழி இருக்கிறது, சுற்றி வெட்டினால் நடுத்துண்டு விழுந்துவிடும். சிறு பாலம் விட்டு வெட்ட வேண்டும்.

தூரிகையின் ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு புகைப்படம் எடு. செக்கனுக்கு 24 பிரேம், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படம். தலைப்பு 8 செக்கன் என்றால் 96 படம். ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. ஜன்னலோரம் மட்டும் எடுக்காதே. நம்மூர் வெளிச்சம் மூடுபனியோடு வந்து வந்து போகும், படம் முழுக்கத் துடிக்கும். ஜன்னலைத் துணியால் மூடி, ஒரே விளக்கில், கேமராவின் வெளிச்ச அளவையும் நிற அளவையும் பூட்டிவிட்டு எடு. ஈரக் காற்றில் மை காயத் தாமதமாகும், அவசரப்பட்டுத் தகட்டைத் தூக்கிவிடாதே.

புல்லாங்குழல் வேண்டாம். முதல் 10 செக்கன் கறுப்புத் திரை, தகரத்தில் மழை, தூரத்தில் ஸ்டோர் சங்கு. அதுபோதும்.

இனி எனக்கு மனம் கேட்காத இடத்துக்கு வருகிறேன். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று உன் கூட்டாளிகள் ஐந்து பேருக்கும் தனித்தனி அட்டை போட்டிருக்கிறாய். நடித்த 11 பெண்களுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே வரி: 'நன்றி: தோட்ட மக்கள்'. தங்கச்சி, அரைப்பேரைப் பற்றிய படத்தில் அவர்களுக்கு அந்த அரைப்பேர்கூட விழவில்லை. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எல்லாப் படத்திலும் அப்படித்தான் போடுகிறார்கள். நீ மாற்று. அவர்கள் பெயர் முதலில் வரட்டும், ஓர் அட்டைக்கு நான்கு பேர் என்று மூன்று அட்டை. ஒவ்வோர் அட்டையையும் நீ வாய்விட்டு இரண்டு தடவை வாசிக்கும் நேரம் நிறுத்து, அநேகமாக 5 செக்கன் ஆகும். உன் கூட்டாளிகளுக்கு 3 செக்கன் வீதம் கொடு. தலைப்பு, தொடக்க மழை எல்லாம் சேர்த்து 48 செக்கனில் முடிந்துவிடும். ஓரங்களில் நூற்றுக்கு 5 வீதம் இடம் விடு, 1920க்கு 1080 திரையில் பக்கத்துக்கு 96 புள்ளி, மேலும் கீழும் 54. அப்புறம் போனில் போட்டு, கையை நீட்டிப் பிடித்து வாசித்துப் பார். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் அதில்தான் பார்ப்பார்கள்.

பெயர்களை வாக்காளர் பட்டியலைப் பார்த்து எழுதிவிடாதே. என் அப்பாவின் பெயர் செக்ரோலில் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். எழுதியவர்கள் கேட்டு எழுதவில்லை. சேமலாப நிதியை எடுக்கப் போனபோது இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து அலைந்தார். ஒரு எழுத்துக்காக எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறினார் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அதனால் ஒவ்வொருவர் வீட்டுக் காம்பராவுக்கும் போ. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தன் பெயரை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு எழுது. எழுதியதை வாசித்துக் காட்டு. வீட்டில் கூப்பிடும் பெயர்தான் வேண்டும் என்று கேட்டால் அதையே போடு.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, ஆனால் நான் உள்ளே இருப்பேன். எக்ஸ்ரே பிலிம் நான்கைந்து எடுத்து வைத்திருக்கிறேன், அப்பாவின் பழைய பெட்டிப் பலகை ஒன்றும் இருக்கிறது. அந்த 11 பெயரையும் எழுதிக்கொண்டு வா. அம்மா பெயரையும் அவரிடமே கேட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்