குழந்தை ஏன் கிழவர் மாதிரி இருக்கிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஃபிளாரன்ஸ் மியூசியத்திலிருந்து நீ அனுப்பிய பழைய மாதா ஓவியங்களின் போட்டோக்களை நேற்று ராத்திரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கூடவே ஒரு வரி எழுதியிருந்தாய்: "குழந்தை ஏசு கிழவர் மாதிரி இருக்கார், மாதா முகம் பச்சையா இருக்கு, இதையாப்பா பார்க்கச் சொன்னீங்க?" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிராயிங் மாஸ்டராக 30 வருஷம் நானும் வகுப்பில் இதையேதான் சொன்னேன். "பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தைத் தட்டைப் பரப்பில் காட்டும் முறை, வருவதற்கு முன்னால் இருந்த ஆட்களுக்கு வரையத் தெரியாதுடா" என்று. ஓய்வு பெற்று நிதானமாகப் படித்த பிறகுதான் தப்பு புரிந்தது. அந்தப் பையன்களைத் தேடிப் பிடிக்க முடியாது. உன்னிடமாவது திருத்திக்கொள்கிறேன்.

பச்சை முகம் பெரிய ரகசியமில்லை. முகத்துக்கு அடியில் பச்சை மண் நிறம் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்பு ஏற்றுவார்கள். மேலே இருந்தது தேய்ந்துவிட்டது, அடியில் இருந்தது வெளியே வந்துவிட்டது. கிழக் குழந்தை மட்டும் தெரிந்தே செய்தது. அவர்கள் வரைந்தது தொட்டில் குழந்தையை இல்லையம்மா. பிறக்கும்போதே எல்லாம் அறிந்த கடவுளை. தங்கப் பின்னணியும் அப்படித்தான். அது வானமில்லை, விண்ணுலகம். அங்கே காலை மாலை கிடையாது, நிழலும் கிடையாது. கோயில் இருட்டில் மெழுகுவத்தி அசையும்போது அந்தத் தங்கமும் அசைந்திருக்கும். நீ பார்த்தது மியூசியம் விளக்கில்.

வேலையைச் சொன்னால் உனக்குப் பிடிக்கும். பாப்லர் மரப்பலகை, அதன்மேல் துணி, பசையில் குழைத்த ஜிப்சம் பல பூச்சு, தங்கம் ஒட்டும் இடத்தில் செம்மண், அதன்மேல் தங்க ரேக்கு. பளபளப்பேற்ற நாய்ப்பல்லால் தேய்ப்பார்களாம்! நிறங்களை முட்டை மஞ்சள்கருவில் குழைப்பார்கள். சட்டென்று காய்ந்துவிடும், ஒரு நிறத்தை இன்னொன்றோடு இழைக்க முடியாது. உன் படத்தைப் பெரிதாக்கிப் பார், கன்னம் முழுக்க மயிரிழைக் கோடுகள். உயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தான் பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த கல். 1285இல் ஒரு மாதா படத்துக்காக ஓவியர் துச்சோவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது. கூலி 150 லிரா, செலவெல்லாம் அவருடையது, படம் பிடிக்காவிட்டால் காசில்லை, பலகையை அவரே வைத்துக்கொள்ளலாம். நம்மூர் கான்டிராக்டர்கள் தேவலை.

நீ போன உஃபிஸி மியூசியத்தில் ஒரே அறையில் மூன்று பெரிய மாதா படங்கள் இருந்தனவே, சிமபூவே, துச்சோ, ஜோத்தோ என்ற மூன்று ஓவியர்கள் வரைந்தவை. மூன்றுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு தலைமுறைதான். சிமபூவேயின் தேவதைகள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அடுக்கியது போல நிற்கிறார்கள். துச்சோவுடையவர்கள் காலடியில் தரையே இல்லாமல் மண்டியிட்டிருக்கிறார்கள், ஆனால் மாதாவின் ஆடை விளிம்பில் ஓடும் அந்தத் தங்கக் கோடு இருக்கிறதே, அதற்காக எதையும் மன்னிக்கலாம். ஜோத்தோவிடம் வந்தால் மாதாவுக்கு முழங்கால் இருக்கிறது. துணிக்கு அடியில் உடம்பு இருக்கிறது, நாற்காலியில் கனமாக உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் தங்கம் மட்டும் அப்படியே. "இங்கிருந்து ஓவியம் திருந்தியது" என்று வகுப்பில் சொல்வேன். இப்போது சொல்லமாட்டேன். ஒன்று வந்தது, அதற்கு விலையாகத் துச்சோவின் அந்தக் கோடு போனது.

சரி, உன் ஊருக்கு வருகிறேன். பாதுவாவில் இரண்டு வருஷமாக இருக்கிறாய், ஸ்க்ரொவேன்யி சிற்றாலயத்துக்கு இன்னும் போகவில்லை! வட்டித் தொழில் செய்த ஸ்க்ரொவேன்யி குடும்பத்து அப்பனைக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் நரகத்தில் உட்கார வைத்தார். மகன் என்ரிகோ ஆலயம் கட்டி, சுவர்களில் வரைய ஜோத்தோவை வரவழைத்தார். 1305இல் அர்ச்சிப்பு, அதாவது ஆலயத்தைக் கடவுளுக்கு அர்ப்பணிக்கும் சடங்கு. இறந்த ஏசுவைச் சுற்றி அழும் காட்சியில் இரண்டு பேர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். முகம் தெரியாது, குனிந்த முதுகு மட்டும். வணங்குவதற்கான படத்தில் முதுகை வரைய எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

முன்பதிவு செய்துகொண்டு போ. வெளிக்காற்றின் ஈரமும் தூசும் சுவரைக் கெடுக்காமலிருக்கக் கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைத்துத்தான் உள்ளே விடுவார்களாம். மற்ற நிறங்கள் ஈரச் சுண்ணாம்பிலேயே ஊறிப்போனவை. நீலத்தைக் காய்ந்த பிறகு பூசினார்கள், அதனால் அது உதிர்கிறது. போட்டோ வேண்டாம். மாதாவின் மேலாடையில் எங்கெங்கே நீலம் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு ராத்திரி போன் செய்.

அன்புடன்,
அப்பா