என் எண்ணும் ஏழுதான், கண்ணு

கண்ணு,

போன வாரம் எனக்கு ரத்தம் எடுத்தார்கள். தைராய்டை வேலை வாங்க மூளையிலிருந்து வரும் ஹார்மோன், டி.எஸ்.எச்., 7.1. இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். பதினோரு வயதில் உனக்கு வந்தது 7.4. நான் 46 கிலோ. ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கோபி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அந்த எண்ணைப் பார்த்து, தைராய்டால்தான் உனக்கு எடை ஏறுகிறது என்று மாத்திரை கொடுத்த கதை உனக்கே தெரியும். பாரியூர் கோயில் குண்டம் திருவிழா அன்று பந்தியில் நடந்ததும் தெரியும். ஆனாலும் அது என் மனசை விட்டுப் போகவில்லை. என் அம்மா, உன் அம்மிச்சி, உன் இலையில் இரண்டாவது ஒப்பிட்டு (போளி) வைத்தார். நான் வந்து எடுத்துவிட்டு, "தைராய்டு இருக்கிற புள்ளைக்கு எதுக்கு?" என்று பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். நீ அழவில்லை. சோறு அப்படியே இருக்க இலையை மடித்தாய். மற்றவர்கள் எழும்வரை எழக்கூடாது என்று நான்தானே பழக்கியிருந்தேன். மடித்த இலைமேல் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாய். விரலில் நெய் இருந்தது.

அதற்கு முன்னால் என்னிடம் யார் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள். பயந்துபோய்ச் செய்தேன், அவ்வளவுதான்.

இந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கொழுப்பிலிருந்து லெப்டின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. 1994-லேயே கண்டுபிடித்தது. அது மூளையைத் தூண்டுவதால், எடை கூடிய பிள்ளைகளுக்கு டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவது உண்டாம். எடை ஏறியதால்தான் எண் ஏறுகிறது. நான் தலைகீழாக நம்பினேன். நிஜமாகவே தைராய்டு குறைந்த பிள்ளை உயரம் வளராதாம். நீ பள்ளி பிரேயரில் உயரத்தால் கடைசி ஆளாக நின்றவள். அதை அன்று யாரும் பார்க்கவில்லை, நானும்.

அதோடு பரம்பரையும் இருக்கிறது. தைராய்டு அந்த டி.எஸ்.எச்.சை வாங்கிக்கொள்ளும் இடத்துக்கான ஜீனின் இரண்டு பிரதியில் ஒன்று மாறியிருந்தாலே எண் இப்படி நிற்குமாம். எனக்குத் தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் சரியாக இருக்கிறது, தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடியும் இல்லை, அதனால் அந்தச் சந்தேகம். ஜீன் பரிசோதனை இனிமேல்தான். அப்படி இருந்தால் பிள்ளைக்குப் போக ஐம்பது சதவீத வாய்ப்பு. உன் தீனியைத்தான் நான் திட்டினேன் சாமி, மூன்று வருஷம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஹாஸ்டல் போன நாளிலிருந்து போனில் "ம்" தவிர என்ன பேசினாய்? ஐந்து மணிக்கு எழுந்து மாத்திரை கொடுத்து, அரை மணி கழித்துப் பால் காய்ச்சினவளும் நான்தான். அதை அம்மிச்சியிடம் "சித்திரவதை" என்று சொன்னாயாமே. அந்த வார்த்தை எனக்கு வலித்தது. சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது என்பதும் தெரியும்.

தம்பிக்கும் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு வேண்டாமாம், சாப்பிட்டுவிட்டே வரலாமாம்.

அம்மா