சொந்த மைதானத்தில் தோற்ற மாலை

அன்புள்ள நண்பா,

நலம்தானே? நம் அணியின் கால்பந்து ஆட்டம் முடியட்டும், சேர்த்து எழுதலாம் என்று உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் வைத்திருந்தேன். நேற்று தோற்றுவிட்டோம்டா, 1-2. அதுவும் சொந்த மைதானத்தில், முதல் கோலை நாம் போட்ட பிறகு.

"தோற்றுக்கொண்டே இருக்கிற டீமுக்கு எதுக்குடா டிக்கெட்? வீட்டில் டிவி போட்டுப் பார்க்க வேண்டியதுதானே" என்று கேட்டிருந்தாய். நேற்று முழுக்க அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

நம் பழைய கூட்டம்தான் போனோம். ஆட்டத்துக்கு வெகுநேரம் முன்பே உள்ளே போயாக வேண்டும் என்று கோலி ஒற்றைக் காலில் நின்றான். பள்ளி அணிக்கு கோல்கீப்பராக நின்றவனை நாங்கள் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். வீரர்கள் பயிற்சி எடுக்கும்போது எல்லோரும் கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கர்களைப் பார்க்க, அவன் நம் கீப்பரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். "பக்கத்திலேருந்து கிராஸ் வந்தா கோல் லைனை விட்டு நகர மாட்டேங்கிறான், பாரு" என்றான் கவலையோடு.

முதல் பாதி அவ்வளவு அழகு. எதிரணியின் பாதியிலேயே ஓரத்தில் ஆடும் நம் விங்கர் பந்தைப் பறித்து, கோட்டுவரை ஓட்டிப்போய்ப் பின்னால் தள்ளிவிட்டான். ஸ்ட்ரைக்கர் ஓடிவந்த வேகத்திலேயே அடித்தான். கோல்! பின் வரிசையில் இருந்த, பெயர்கூடத் தெரியாத பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கல் இன்னும் வலிக்கிறது.

இரண்டாம் பாதியில் நம் நடுக்கள வீரன் நொண்டிக்கொண்டே வெளியேறினான். அதிலிருந்துதான் சரிவு. டிவியில் கேமரா பந்தைத்தான் துரத்தும். மேலடுக்கில் உட்கார்ந்தால் மைதானம் முழுக்க விரிந்து கிடக்கிறது: தடுப்பு வரிசை பயந்து பின்வாங்குவதும், அதற்கு முன்னால் யாருமே இல்லாத இடம் அகலமாவதும் கண்ணெதிரே தெரியும். அடுத்து எதிரணிக்கு ஒரு கார்னர் கிக், மைதானத்தின் மூலையிலிருந்து. கீப்பர் கோட்டிலேயே நின்றுவிட்டான். தலையால் முட்டி உள்ளே தள்ளிவிட்டார்கள். கோலி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசி நிமிடங்களில் இடப்பக்கத் தடுப்பைப் பார்க்க வேண்டிய நம் லெஃப்ட் பேக் ஜெயித்தே தீருவது என்று மேலே ஏறிப் போயிருந்தான். பந்து பறிபோனது. "லெஃப்ட்ல ஆளே இல்லை!" என்று கோலி எழுந்து கத்தினான். அவன் கத்திய பிறகுதான் எதிரணிக்காரன் அந்தப் பக்கம் பாஸே கொடுத்தான். இரண்டாவது கோல்.

விசில் அடித்ததும் பாதி ஸ்டாண்ட் காலி. நாங்கள் இருந்தோம். அந்த லெஃப்ட் பேக் சின்னப் பையன். சட்டையை முகத்தில் இழுத்துக்கொண்டு புல்லில் குந்தியிருந்தான். எங்கள் பகுதியில் மிச்சமிருந்தவர்கள் எழுந்து அவன் பெயரைச் சொல்லிக் கை தட்டினோம். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து எங்கள் பக்கம் கை தூக்கினான். டிவி அதற்குள் வேறு நிகழ்ச்சிக்குப் போயிருக்கும்.

வெளியே நடந்து வரும்போது ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2012 இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. உனக்கும் நினைவிருக்கும். பேயர்ன் மியூனிக் தன் சொந்த மைதானத்தில் 83-வது நிமிடத்தில் முன்னிலை பெற்று, 88-வதில் செல்சி வீரர் ட்ரோக்பாவிடம் கார்னரில் கோல் வாங்கி, பெனால்டி ஷூட்-அவுட்டில் செல்சியிடம் கோப்பையை விட்டது. மறு வருடமே லண்டன் வெம்ப்லி மைதானத்தில் டார்ட்மண்ட் அணியை 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். நம் அணி அந்த உயரத்தில் இல்லை, தெரியும். ஆனாலும் பேசப் பேச நெஞ்சு லேசானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில், 2020 மே மாதம், ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவை ஆளில்லாத மைதானங்களில் மறுபடி தொடங்கினார்களே, அப்போது சொந்த மைதானத்தில் ஆடிய அணிகளின் வெற்றிகள் வெகுவாகக் குறைந்தன. அதே மைதானம், அதே புல், கூட்டம் மட்டும் இல்லை. நாம் கத்துவது கீழே அவர்கள் கால்களுக்குப் போய்ச் சேருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தோற்கிற நேரத்தில் அது இன்னும் தேவைப்படுகிறது. அதனால்தான் போகிறோம்.

விடுமுறைக்கு வருவதாக எழுதியிருந்தாயே, தேதியைச் சொல். அந்த வாரம் இங்கே ஆட்டம் இருந்தால் உனக்கும் சேர்த்து எடுத்துவிடுகிறேன். கோலுக்குப் பின்னால் வேண்டுமா, மேலடுக்கா? கோலி மேலடுக்குதான் என்கிறான்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்