பதினெட்டு வயதுக்கு முன் யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 திருநங்கையர் நாளையொட்டி விருது, வீட்டுமனைப் பட்டா, தொழிற்கடன், உயர்கல்விக் கட்டணம் என்று ஆண்டுதோறும் செய்திகள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் அவற்றில் இடம்பெறுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் 18 வயதைத் தாண்டியவர்கள். படிப்பை விட்டது, வீட்டை விட்டு ஓடியது, முதல் தற்கொலை முயற்சி எல்லாமே பலருக்கு ஆறாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. அந்த வயதில் இந்தத் திருநர் பிள்ளைகளுக்கு (திருநங்கை, திருநம்பி இருவருக்கும்) யார் பொறுப்பு என்று கேட்கவே இக்கடிதம்.

கொடுமை என்றதும் பெல்ட் அடியும் சூடும்தான் நினைவுக்கு வரும். அவையும் உண்டு. முடியை ஒட்ட வெட்டிவிடுவது, பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடிப்பது, விசேஷ வீட்டுக்குப் போகையில் இந்தப் பிள்ளையை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டுவது, 'நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்' என்று தினம் சொல்வது ஆகியவையும் அதே கணக்கில்தான் சேரும். பள்ளியில் 'ஒன்பது' என்று கூப்பாடு. சில வகுப்புகளில் ஆசிரியரே நடந்துகாட்டச் சொல்லிச் சிரிப்பார். கழிப்பறையில் பெரிய பையன்கள் கைவைப்பார்கள் என்ற பயத்தில் பிள்ளை காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காது. சில மாதங்களில் நீர்க்கடுப்பு, வயிற்றுவலி, அடிக்கடி விடுப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கிடைக்கும். ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்க ஆள் இருப்பதில்லை.

சிறுவயதுத் துன்பங்களை வகைபிரித்து எண்ணிய அமெரிக்க ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைப் பட்டவர்களுக்கு மது, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதையும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு கூடுதல் என்று அது கண்டது. மேலே சொன்ன பிள்ளைக்கு நான்கு வகை ஒரே கல்வியாண்டில் நிறைந்துவிடும். ஆகவே 'திருநராக இருப்பதால் வந்த மனக்கோளாறு' என்பது காரணத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் திருநராக இருப்பது மனநோய்ப் பகுதியிலேயே இல்லை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை வேண்டும், அடையாளத்துக்கு வேண்டாம்.

பெண்ணாகப் பிறந்து தம்மை ஆணாக உணரும் திருநம்பிப் பிள்ளைகள் இன்னும் கண்ணில் படுவதில்லை. அவர்கள் ஓடுவது குறைவு, வீட்டுக்குள்ளேயே அடைபடுகிறார்கள். செல்போன் பிடுங்கப்படும், பதினாறு வயதிலேயே மாப்பிள்ளை தேடத் தொடங்குவார்கள். ஒவ்வொரு மாதமும் அதே நான்கைந்து நாள் விடுப்பு எடுப்பது, வெயிலிலும் இரண்டு சட்டை போடுவது, விளையாட்டு வகுப்பில் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுவது ஆகியவற்றை ஆசிரியர்கள் கவனிக்கலாம். மார்பை கிரேப் பேண்டேஜால் சுற்றிக் கட்டும் பிள்ளைகள் உண்டு. மூச்சை இழுக்கும்போது அது விரிந்துகொடுக்காமல் இறுகுவதால் விலா வலியும் தோல் புண்ணும் வரும். திருநங்கைப் பிள்ளைகளிடம் வேறோர் ஆபத்து: மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி அளவுக்கு மீறி விழுங்குவது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தை உறைய வைக்கக்கூடும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய், மாத்திரை விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே திட்டு விழுந்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை வராது.

பெருங்கேட்டைச் சில சமயம் நல்லெண்ணம் கொண்டவர்களே செய்துவிடுகிறார்கள். பிள்ளை நம்பிச் சொன்னதை ஆலோசகரோ வகுப்பாசிரியரோ அன்று மாலையே பெற்றோரை அழைத்து ஒப்பித்துவிடுவார். இரவு வீட்டில் அடி விழும். முதலில் கேட்க வேண்டியவை வேறு. வீட்டில் இது யாருக்குத் தெரியும்? யார் அடிப்பார்கள்? எந்தப் பெயரை யார் முன்னால் சொல்லலாம்? அவசரமென்றால் நடந்தே போகக்கூடிய தூரத்தில் அத்தையோ பாட்டியோ இருக்கிறார்களா? சாகும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உண்டு என்றால் தனியே விடக்கூடாது. பிள்ளையிடம் சொல்லிவிட்டு, வீட்டில் நம்பக்கூடிய ஒருவரைக் கொண்டு பூச்சிமருந்து, எலிமருந்து, பெரியவர்களின் மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றே பூட்டி வைக்கச் செய்ய வேண்டும். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416. பெயர் விஷயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 2018இல் அமெரிக்காவில் 129 திருநர் இளையோரிடம் நடந்த ஆய்வில், விரும்பிய பெயரால் அழைக்கும் இடம் ஒன்று கூடினாலே தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைந்து காணப்பட்டது. இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

பாலின அடையாளத்தை 'மாற்றிவிடுகிறேன்' என்று சொல்லும் மருத்துவரிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் அத்தகைய சிகிச்சைக்குத் தடை விதித்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

ஓடிப்போன பிள்ளை கிடைத்தால் காவல் நிலையத்தில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அடித்த கையிலேயே மீண்டும் ஒப்படைப்பதுதான் இது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் முடிக்க வேண்டும். பராமரிப்பவரே கொடுமை செய்தால் 75ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. இரக்கப்பட்டு அடைக்கலம் தரும் ஜமாத் (திருநங்கையர் சேர்ந்து வாழும் குழு) தலைவிகளும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் சொல்லிவிடுவது நல்லது. பிள்ளைக்கும் பாதுகாப்பு, கடத்தல் வழக்கிலிருந்து அவர்களுக்கும் பாதுகாப்பு.

பாலியல் அத்துமீறல் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம்தான். 'அவனே அப்படிப்பட்டவன்தானே' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. 18 வயதுக்குட்பட்ட எவரும் அச்சட்டத்தில் குழந்தைதான், பாலினம் எதுவானாலும். தன்கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றம் தெரிந்தும் புகார் தராத பள்ளித் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருநர் சட்டம் பாலியல் கொடுமைக்கு வைத்த உச்ச தண்டனையே 2 ஆண்டுதான். போக்சோவில் பாலியல் வன்புணர்வுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு, பிள்ளை 16 வயதுக்குக் கீழ் என்றால் 20 ஆண்டு. எந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது என்பதை உடன் போகிறவர்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

சரி, குழு பிள்ளையை எங்கே தங்க வைக்கும்? திருநருக்கான மத்திய அரசின் கரிமா கிருஹ தங்குமில்லங்கள் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். குழந்தைகள் இல்லங்களோ ஆண், பெண் என இரண்டாகப் பிரிந்தவை. திருநங்கைப் பிள்ளையை ஆண் இல்லத்தில் விட்டால் பள்ளிக் கழிப்பறைக் கதை இரவிலும் தொடரும். மாவட்டத்துக்கு ஓர் இல்லத்திலாவது தாழ்ப்பாளுள்ள தனி அறை, தனிக் குளியலறை, பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் வேண்டும். புதுக் கட்டடம் கேட்கவில்லை. அத்தை, சித்தி போன்ற உறவினர் வீட்டில் வைத்து வளர்க்க உதவித்தொகை தரும் வழியையும் குழுக்கள் முதலில் பார்க்கலாம். பள்ளிகளில் மாணவர்கள் புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியைத் திறப்பவர்களில் ஒருவருக்காவது இதில் பயிற்சி தேவை.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். 'காணவில்லை' அறிவிப்புகளில் காவல் நிலைய எண்ணோடு 1098ஐயும் சேர்த்து அச்சிடுங்கள். அடிக்குப் பயந்து போன பிள்ளையே அதைப் படிக்கவும் வாய்ப்புண்டு.

இப்படிக்கு,
குழந்தைகள் மனநலப் பணியாளர்கள் சிலர்,
மதுரை