தண்ணீரை வெளியே இறைக்கும் ஊர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பணம் கட்டி அனுப்பிய கேரளா டூரை முடித்துக்கொண்டு நானும் உங்கம்மாவும் நல்லபடியாக உடுமலை வந்து சேர்ந்தோம். சாப்பாடு, தங்கின இடம், கூட வந்த சனம் எல்லாவற்றையும் உங்கம்மா போனிலேயே சொல்லியிருப்பாள். நான் சொல்ல நினைப்பது தண்ணீரைப் பற்றி, அது போனில் சொல்லித் தீராது. டிசம்பர் லீவுக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வரும்போது ஆலப்புழையில் ஒரு ராத்திரி ஹவுஸ்போட் எடுத்துவிடலாம் என்றாயே, புக் பண்ணுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு கண்ணு.

பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குள் இறங்கி, செறுதுருத்தியில் பாரதப்புழைப் பாலத்தைத் தாண்டியதும் வேனை நிறுத்தினார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண் ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாட்டுக்காரர், கைனகரியில் பிறந்தவர், தமிழும் நன்றாகப் பேசுகிறார். ஆற்றைக் காட்டி, "இதுல உங்க ஊரு தண்ணியும் இருக்குங்க" என்றார். நம் ஆழியாறு கேரளாவுக்குள் போய்க் கடைசியில் இந்தப் பாரதப்புழையில்தான் சேர்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை மணக்கடவு வழியாக நாம் அவர்களுக்கு விட வேண்டும், நமக்கு வாய்க்காலில் வருவதோ பரம்பிக்குளம், தூணக்கடவு என்று கேரள மலைக்குள் இருக்கும் அணைகளில் தேங்குகிற தண்ணீர். கோயமுத்தூர்க்காரர்கள் குடிக்கும் சிறுவாணியும் பாலக்காட்டு மாவட்டத்து அணைதான். பவானி நீலகிரியில் பிறந்து கேரளத்து அட்டப்பாடிக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்ப நம்மிடம் வருகிறது. இதெல்லாம் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்தக் கரையில் நின்று அவர் வாயால் வரிசையாகக் கேட்டபோது, நம்மூர் டீக்கடையில் தண்ணீர்ச் சண்டை பேசும்போதெல்லாம் நாம் பாதிக் கதையைத்தான் பேசுகிறோம் என்று பட்டது.

அங்கேயே பக்கத்தில் கதகளி சொல்லித்தரும் கலாமண்டலம், 1930-ல் வள்ளத்தோள் நாராயண மேனோன் தொடங்கியது. கதகளி ஆட்டத்தைவிட எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின வேலை. ஒரு பையன் பாயில் மல்லாக்கப் படுத்திருக்கிறான், தலைமாட்டில் உட்கார்ந்தவர் அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையைத் தாடை ஓரமாக ஒரு கோடு போல வைத்து, அதன்மேல் வெள்ளைக் காகிதத்தை வளைத்து ஒட்டுகிறார். சுட்டி என்று பெயர். மணிக்கணக்கில் ஆகும், அதுவரை அவன் அசையக்கூடாது. எங்கள் குழுவில் எல்லாரும் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள், கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே உள்ளே வைத்துவிட்டுச் சும்மா பார்க்க ஆரம்பித்தார்கள்.

கொச்சியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, சீன வலை, 1568-ல் கட்டின யூதக் கோவில் எல்லாம் நீ யூடியூபிலேயே பார்த்திருப்பாய். மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்கிறார்கள், கட்டிக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள், பிற்பாடு செப்பனிட்டவர்கள்தான் நீ இப்போது இருக்கும் நெதர்லாந்துக்காரர்கள்.

சரி, குட்டநாட்டுக்கு வருகிறேன்.

நம் தோட்டத்துக்கு வாய்க்கால் தண்ணீர் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். பாசனத்தை நாலு மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒரு முறை தண்ணீர் பாய்ந்தால் அடுத்த முறைக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், மடை திறக்கிற ராத்திரி உங்க அப்பாரு, அதாவது எங்கப்பா, தூங்கவே மாட்டார். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த நான், வயலில் நிற்கும் தண்ணீரை மோட்டார் வைத்து வெளியே தள்ளிவிட்டு அப்புறம் விதைக்கிற ஊரை இப்போதுதான் பார்த்தேன். படகு போகிற கால்வாய் மேலே இருக்கிறது, வரப்புக்கு அந்தப் பக்கம் வயல் ஆள் உயரத்துக்குக் கீழே கிடக்கிறது, குழிந்த தட்டின் அடியில் வெள்ளாமை செய்வது போல. கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டருக்கும் கீழே இருக்கும் வயல்கூட உண்டாம். இந்த விவசாய முறைக்காகவே 2013-ல் ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பு குட்டநாட்டை உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நாங்கள் போனது ஐப்பசி, புஞ்சை விதைப்புக்கு முன்னால் தண்ணீர் இறைக்கிற சமயம். புஞ்சை என்றால் அங்கே நெல், நம்மூர்ச் சோளக்காடு என்று நினைத்துவிடாதே. ஒரு பம்ப் கொட்டகைக்குப் பக்கத்தில் படகைக் கட்டிவிட்டு இறங்கிப் பார்த்தோம். பெட்டியும் பறையும் என்கிறார்கள். பறை என்பது நட்டுக்குத்தலாக நிற்கும் பெரிய மர உருளை, அதற்குள் விசிறி சுற்றித் தண்ணீரை மேலே ஏற்றுகிறது, பெட்டி என்பது அந்தத் தண்ணீரைக் கரை தாண்டிக் கால்வாய்க்குள் கொண்டுபோய் விடும் நீளமான மரக்கூடு. நம் கம்ப்ரசர் மாதிரி கிர்ரென்ற சத்தம் இல்லை, தண்ணீர் விழுகிற சத்தம்தான் பெரிது. வயல்காரர் ஒருவரிடம் கரண்ட் செலவு யாருடையது என்று கேட்டேன். ஒரு பாடசேகரத்து, அதாவது ஒரே கரைக்குள் இருக்கும் வயல்களின், விவசாயிகள் எல்லாரும் சேர்ந்துதான் இறைக்க வேண்டும், ஒருத்தர் மட்டும் தன் வயலைக் காயவைக்க முடியாது என்றார். கரை ஒரு இடத்தில் உடைந்தாலும் அத்தனை பேர் வெள்ளாமையும் போய்விடும். நம் பக்கம் ஆளுக்கொரு போர் போட்டு ஆயிரம் அடிக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறோமே, அதை நினைத்துக்கொண்டேன்.

வழிகாட்டி தன் வீட்டுக்கும் கூட்டிப்போனார். 2018 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டத்தைத் திண்ணைச் சுவரில் பச்சை பெயிண்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கம்மா பக்கத்தில் போய் நின்றாள், கோடு அவள் நெற்றிக்கு மேலே இருந்தது.

கடல் உப்பு வயலுக்குள் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கத்தில் வேம்பநாட்டுக் காயலுக்குக் குறுக்கே ஷட்டர் வைத்துத் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள், மார்கழி வாக்கில் அடைத்துப் பங்குனி வாக்கில் திறப்பது வழக்கம். நெல்லுக்கு நல்லது. ஆனால் உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்தில் வளர்கிற இறாலும் மீனும் குறைந்துபோனது என்றும், ஆகாயத்தாமரை பெருகிவிட்டது என்றும் மீன்பிடிக்கிறவர்கள் வருத்தப்படுகிறார்கள். நெதர்லாந்தில் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே என்று வேலைக்குப் போன புதிதில் சொன்னாயே, அங்கே இந்த உப்புத் தகராறை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று விசாரித்து எழுது, எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

இப்போது ஹவுஸ்போட். கெட்டுவள்ளம் என்கிற பழைய சரக்குப் படகிலிருந்து வந்தது அது, ஆணியே அடிக்காமல் ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, இடுக்கில் தேங்காய் நாரை அடைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். கட்டின முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன், கயிறு இறுகிக் கல்லாக இருந்தது. 1859-லிருந்து கயிறு ஃபேக்டரி இருக்கும் ஆலப்புழைக்கு இன்றைக்கு நார் ஏராளமாகப் போவது நம் பொள்ளாச்சியிலிருந்து, இதை அவர்களே சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் இப்போது ஓடும் ஹவுஸ்போட்டுகள் டீசல் புகையும் ஏசியுமாகப் பெரிய காயலில்தான் சுற்றுகின்றன, சின்னக் கால்வாய்க்குள் அவற்றால் நுழைய முடியாது. உள்ளே போனால்தான் படித்துறையில் பாத்திரம் கழுவுவதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக போட்டுக்கு நிற்பதும் தெரியும். எங்களை நாட்டுப் படகில் கூட்டிப்போனதால் இதெல்லாம் பார்த்தோம்.

ஒன்று மட்டும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. ஆலப்புழைப் பக்கத்துத் தென்னையெல்லாம் மட்டை வளைந்து, ஓலை மஞ்சளாக நிற்கிறது, வேர் வாடல். ஆனைமலைப் பக்கம் மரம் மரமாக வெட்டிச் சாய்க்க வைத்ததே, அதே நோய், அங்கே நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. மருந்து கிடையாது, தாங்கி நிற்கிற ரகம் வைப்பதுதான் வழி. காயங்குளம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கல்பரக்ஷா, கல்பஸ்ரீ கன்றுகள் பற்றி விசாரித்து வைத்திருக்கிறேன். கீழ்த்தோப்பில் பட்டுப்போன இடத்தில் வைக்கலாம் என்று இருக்கிறேன், மாப்பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்.

ஈரோட்டிலிருந்து வந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் வைக்கத்துக்கும் போனோம், அதுவும் காயல் கரை ஊர்தான். கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று 1924-ல் நடந்த போராட்டத்துக்கு நம் ஈரோட்டிலிருந்து பெரியாரும் நாகம்மையும் போனார்கள், பெரியார் சிறையும் இருந்தார். இப்போது யார் வேண்டுமானாலும் நடக்கிற அந்தத் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நாங்களும் நடந்தோம். அங்கிருந்து தவணக்கடவுக்குப் போகிற சூரிய சக்திப் படகு 2017-ல் விட்டது, நாட்டிலேயே முதல் சோலார் பயணிகள் படகு, சத்தமே இல்லை.

திரும்பி வந்தது மூணாறு, மறையூர் வழி. மூணாறில் கொட்டின மழை மறையூர் தாண்டியதும் காணோம், சின்னாறில் கள்ளியும் முள்ளும்தான். அந்த மலைத் தண்ணீர் பாம்பாறாக இறங்கி நம் அமராவதி அணைக்கு வருகிறது. பேரனுக்கு மேப்பில் இந்த ஆறுகளையெல்லாம் வரைந்து காட்டு.

அதனால் ஹவுஸ்போட் வேண்டாம் கண்ணு. கைனகரியிலேயே வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடும் போடுகிறார்கள், அந்தப் பெண்ணின் நம்பர் உங்கம்மாவிடம் இருக்கிறது. ஆலப்புழை படகுத்துறையிலிருந்து அரசாங்க போட் போகிறது, டிக்கெட்டும் குறைவு. டிசம்பரில் பயிர் பச்சையாக நிற்கும். லீவு தேதி முடிவானதும் சொல், பேரன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று நானே கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா