யார் உட்கார்ந்தால் என்ன?

அன்புள்ள தம்பி,

போன வாரம் போனில் நீ கேட்டது மனதைவிட்டுப் போகவில்லை. "சட்டம் ஒன்றுதானே அம்மா, நீதிபதி நாற்காலியில் ஆணோ பெண்ணோ, யார் உட்கார்ந்தால் என்ன?" என்றாய். பேச்சில் உன்னை நான் ஜெயித்ததே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முப்பது வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவள் நான். ஒரே கேள்வியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை: "அடித்த அன்றைக்கே ஏன் புகார் கொடுக்கவில்லை?" கூண்டில் நிற்கும் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு நாள், புதிதாக வந்த பெண் நீதிபதி அதே மாதிரி வழக்கில் வேறொன்று கேட்டார்: "வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும்?" அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அவள் பேசிய வேகத்தில் என் பென்சில் முனை இரண்டு முறை உடைந்தது. சட்டப்பிரிவு அதேதான். பதிவான சாட்சியம்தான் வேறாகிவிட்டது.

கனடா உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்த்த லவாலி வழக்கை எடுத்துப் படி. வருஷக்கணக்காக அடி வாங்கிய பெண், கொன்றுவிடுவேன் என்று மிரட்டியவன் அறையைவிட்டுத் திரும்பி நடக்கையில் பின்னாலிருந்து சுட்டுவிட்டாள். முதுகு காட்டியவனைச் சுட்டது தற்காப்பா? நம்மில் யாரைக் கேட்டாலும் "இல்லை" என்றுதான் சொல்வோம். தீர்ப்பை எழுதியவர் பெர்தா வில்சன், அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. தற்காப்புச் சட்டம், மதுக்கடையில் சம பலமுள்ள இரண்டு ஆண்கள் மோதிக்கொள்ளும் சண்டையை மனதில் வைத்து வளர்ந்தது என்று அவர் காட்டினார். அடுத்த அடி விழும்வரை அவள் காத்திருக்க வேண்டும் என்பது அவளைத் தவணை முறையில் கொலை செய்வதற்குச் சமம் என்ற வாசகத்தையும் எடுத்தாண்டார். அவள் விடுதலை நிலைத்தது. கூட இருந்த ஆண் நீதிபதிகளும் அந்த முடிவுக்கே வந்தார்கள். இதை விட்டுவிடாதே, உனக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த மதுக்கடைச் சித்திரத்தைச் சந்தேகிக்க அவர்களுக்குத் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2009-இல் இன்னொன்று. மாத்திரை வைத்திருப்பதாகச் சந்தேகித்து, பதின்மூன்று வயதுப் பெண்ணின் உள்ளாடைவரை பள்ளியில் சோதனை போட்டிருந்தார்கள். விசாரணையில் சில நீதிபதிகள் அதை லேசாகப் பேசினார்கள். ஒன்பது பேரில் ஒரே பெண்ணான ரூத் பேடர் கின்ஸ்பர்க், அவர்கள் யாரும் பதின்மூன்று வயதுப் பெண்ணாக இருந்ததில்லை என்றார். அந்தச் சோதனை அரசியலமைப்புக்கு விரோதம் என்று கடைசியில் எட்டுப் பேர் தீர்த்தார்கள்.

அங்கேயே 2010-இல் வந்த ஓர் ஆய்வு, வேலையிடப் பாலினப் பாகுபாட்டு வழக்குகளில் பெண் நீதிபதி கூட உட்காரும்போது ஆண் நீதிபதிகளின் முடிவும் மாறுவதைக் கண்டது. மற்ற வழக்குகள் பலவற்றில் அப்படி எதுவும் இல்லையாம். நியாயமாகத்தான் படுகிறது; ஒப்பந்தத் தகராறில் சாவி யாரிடம் என்று கேட்டு என்ன ஆகப்போகிறது?

பெண் நீதிபதி என்றால் பெண்ணுக்குச் சாதகம் என்று மட்டும் நினைத்துவிடாதே. சாட்சிப் பெண்களிடம் நான் பார்த்ததிலேயே கடுமையாகப் பேசியவரும் ஒரு பெண்தான். ஏழ்மையையோ ஊனத்தையோ அனுபவித்து வந்தவர் பெஞ்சில் இருந்தாலும் கேள்வி இப்படித்தான் மாறும்.

அடுத்த முறை விசாரணை பார்க்கப் போனால், தீர்ப்பு என்னவென்பது இருக்கட்டும். நீதிபதி கேட்கிற முதல் கேள்வியைக் குறித்து எனக்கு அனுப்பு. பென்சில் இரண்டாக எடுத்துப் போ.

அம்மா