உயர்தர விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கல்முனையில் மாலை வகுப்பு எடுப்பவன். ஏற்றங்களுக்கிடையிலான விசையைச் சொல்லும் கூலோம் விதி ஒரு பாடத்தில் முடிந்துவிடுகிறது, இலத்திரனைக் கழற்ற வேண்டிய அயனாக்கற்சக்தி இன்னொன்றில். இரண்டும் சந்திக்கும் ஒரு கணக்கை வகுப்பில் போடுங்கள் என்று கேட்கவே இம்மடல்: அணுவருகே ஒரு புரோத்தனோ, அதே திணிவும் −1 ஏற்றமும் உள்ள எதிர்ப்புரோத்தனோ வந்தால் இலத்திரனுக்கு என்ன ஆகும்?

ஈலியம் அயனை எடுங்கள். கரு +2, மிஞ்சியிருப்பது ஓர் இலத்திரன். ஒற்றை இலத்திரன் என்பதால் ஐதரசனின் அயனாக்கற்சக்தியான 13.6 ஐக் கரு ஏற்றத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் போதும்: அதைக் கழற்ற 54.4 இலத்திரன்வோல்ற்று (அணு அளவிலான சக்தி அலகு) வேண்டும். இப்போது மெதுவாக ஒரு புரோத்தனை அதன் கருவுக்கு மிக அருகே கொண்டுபோங்கள். இலத்திரனுக்குத் தெரிவது +3, பிடி 122.4 ஆக இறுகும். அதே இடத்துக்கு எதிர்ப்புரோத்தனைக் கொண்டுபோனால் தெரிவது +1 மட்டுமே. பிடி 13.6 க்கு இறங்கிவிடும். நேர் அயன் என்பதால் எதிர்ப்புரோத்தனை அதுவே உள்ளே இழுக்கும், புரோத்தனையோ தள்ளும். ஐதரசன் அணுவில் விடயம் இன்னும் சுவை: எதிர்ப்புரோத்தன் கருவிலிருந்து போர் ஆரையின் (ஐதரசன் அணுவின் ஆரை) ஏறத்தாழ 0.64 பங்குக்குள் வந்தால் இலத்திரனுக்குப் பிடிமானமே இல்லை. 1947 இல் பௌதிகவியலாளர்களான ஃபெர்மியும் டெல்லரும் காட்டியது இது.

வேகம் மிகக் கூடினால் கதை வேறு. ஓர் இலத்திரன் கழலும் வாய்ப்பு எறியத்தின், அதாவது வந்து மோதும் துணிக்கையின், ஏற்ற வர்க்கத்தைப் பொறுத்தது. −1 ஐ வர்க்கித்தால் குறி போய்விடும். சரி, அதோடு முடிந்ததா? 1986 இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுகூடத்தில் நடுநிலை ஈலியத்தின் மீது வேகமான எதிர்ப்புரோத்தன்களைச் செலுத்தினார்கள். இரண்டு இலத்திரன்களும் சேர்ந்து கழன்றது, புரோத்தனில் கழல்வதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இரண்டும் கழல இரண்டு வழிகள்: எறியமே இரண்டையும் தட்டலாம், அல்லது அது ஒன்றைத் தட்ட அந்த இலத்திரன் மற்றதைக் கழற்றலாம். இவை ஒன்றோடொன்று குறுக்கிடும்போது ஏற்றத்தின் கனம் (மூன்றாம் அடுக்கு) உள்ளே வருகிறது, −1 இன் கனம் −1 தானே.

"சிலபஸில் இல்லை" என்பீர்கள். எதிர்ப்புரோத்தன் இல்லைத்தான், ஆனால் மேலே போட்ட பெருக்கலில் பிள்ளைகளுக்குத் தெரியாதது எது? கடந்தகால வினாத்தாள்களை நானும்தான் செய்விக்கிறேன். அவற்றுக்கிடையே ஒரு பாடவேளை கிடைக்காமல் போகாது.

யாராவது பிள்ளை மியூவனை (இலத்திரனைப்போன்ற, ஆனால் பாரமான துணிக்கை) அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். திணிவு இலத்திரனைப்போல் 207 மடங்கு, சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெக்கன் என்று சொல்லுங்கள். மறை மியூவனின் ஏற்றமும் −1 தான். மிச்சக் கணக்கைப் பிள்ளையே போடட்டும்.

இப்படிக்கு,
கல்முனையிலிருந்து ஒரு மாலை வகுப்பு ஆசிரியர்